ஏற்காடு ஏறும் கேரவன்: இன்ஜின் சூடும் டயர் காற்றும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கோரிமேட்டைக் கடந்து அடிவாரச் சோதனைச்சாவடி வரும்வரை இன்ஜினுக்குப் பெரிய வேலை இருப்பதில்லை. அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக, கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான இடத்தில் தொடங்கிய வண்டி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காருக்கு இது சிரமமான ஏற்றம் அல்ல. ஆனால் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பேட்டரிகள், துணிமணி என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு 4 டன்னை ஒட்டிய எடையோடு ஏறும் டீசல் கேரவனுக்கு இதே சாலை வேறு விதமாக இருக்கிறது. ஏறும்போது இன்ஜின் சூடாகிறது. இறங்கும்போது பிரேக்கும் டயரும் சூடாகின்றன. நானும் என் மனைவியும் எங்கள் கேரவனில் இந்த மலைக்குப் பல பருவங்களில் போய் வந்திருக்கிறோம். வெப்பநிலை எச்சரிக்கையையும் டயர் காற்றழுத்த எச்சரிக்கையையும் எப்படிப் படிப்பது, எப்படிக் கையாள்வது என்பதைக் கேரவன் வாங்க நினைப்பவர்களுக்கும் புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கும் பயன்படும் வகையில் எழுத விரும்புகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திரையில் தெரியும் ஓர் எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. இன்றைய எண்ணைச் சென்ற முறை இதே வளைவில் கண்ட எண்ணோடும், இடது சக்கரத்தின் எண்ணை வலது சக்கரத்தின் எண்ணோடும், வண்டிக்குள் காட்டும் வெப்பத்தை வெளியில் அடிக்கும் வெயிலோடும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வண்டி என்ன சொல்கிறது என்பது விளங்கும். சிவப்பு விளக்கு எரிவது அந்த ஒப்பீட்டைச் செய்யாதவருக்குக் கிடைக்கும் கடைசித் தகவல். அதற்குள் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை நம்பி மட்டும் மலையேறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இப்போதைய வண்டிகள் பலவற்றில் அந்த முள், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் உண்மையான வெப்பநிலைக்கு ஏற்ப அங்குலம் அங்குலமாக நகர்வதில்லை. ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்பதற்காக, 80 டிகிரிக்குச் சற்று மேலிருந்து 100 டிகிரிக்கு மேல் வரையிலும் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். நடுவில் இருந்த முள் மேலே கிளம்பிவிட்டது என்றால், உள்ளே வெப்பம் ஏறத் தொடங்கி வெகு நேரமாகிவிட்டது என்று பொருள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, வண்டியின் கணினித் தகவல்களைப் படிக்க உதவும் ஓ.பி.டி. போர்ட்டில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகி, கைப்பேசிச் செயலியில் கூலண்ட் வெப்பநிலையை எண்ணாகவே பார்க்கலாம். கேரவனுக்குள் அழகுக்காகச் செய்யும் செலவுகளில் ஒன்றைக் குறைத்தாவது இதை வாங்கிவிட வேண்டும்.

எந்த எண் இயல்பானது என்பதற்கு ஓர் அடிப்படைக் கணக்கு இருக்கிறது. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். ஆகவே சமதளத்தில் 85 முதல் 95 வரை இருப்பது இயல்பு. நீண்ட ஏற்றத்தில் 100-ஐ ஒட்டிப் போவதும் பல டீசல் வண்டிகளில் நடப்பதுதான். வெறும் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். ஏற்காட்டின் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலண்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை 106 டிகிரிக்குச் சற்று மேலே தாங்கும். அதற்கும் மேல் தாங்க வைப்பது ரேடியேட்டர் மூடிதான். ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை உள்ளேயே பிடித்து வைக்கும் நல்ல மூடி இருந்தால், அதே கலவை 120 டிகிரியைக் கடந்தும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, மற்ற எல்லாம் சரியாக இருக்கும் வண்டியிலும் கூலண்ட் மலையில் கொதித்து வெளியே வழிந்துவிடும். விலை மிகக் குறைந்த இந்த மூடியைச் சந்தேகப்படுவதற்கு முன் தண்ணீர் பம்பையும் ஹெட் கேஸ்கெட்டையும் கழற்றிய கதைகளைச் சேலத்து ஒர்க்‌ஷாப்புகளில் கேட்டிருக்கிறேன்.

மலையில் சூடு ஏறுவதற்குப் பாரம் மட்டும் காரணம் அல்ல. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் 15 அல்லது 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது அந்தக் காற்று கிடைப்பதில்லை; முழுப் பொறுப்பும் விசிறியின் மேல் விழுகிறது. பெல்ட் மூலம் சுழலும் விசிறியும் தண்ணீர் பம்பும் இன்ஜின் சுழற்சியைச் சார்ந்தவை. மேல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தி வண்டியை முக்க வைத்தால், வெப்பம் மிகுதியாக உண்டாகும். அதை வெளியேற்றும் விசிறியும் பம்பும் மெதுவாகச் சுழலும். இரண்டாவது கியரில், சத்தம் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும், ஆக்சிலேட்டரைப் பாதி அளவில் வைத்து ஏறினால் வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரி குறைந்தே நிற்பதை எங்கள் வண்டியில் தெளிவாகக் காண முடிகிறது. இன்ஜின் கத்துகிறதே என்று அஞ்சி கியரை மேலே மாற்றுவது இந்தச் சாலைக்கு ஒவ்வாது.

ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மாதம் இதே சாலையில், வெளி வெப்பம் 36 டிகிரியாக இருந்தபோது, கூலண்ட் 98-க்கு மேல் போகவில்லை என்று எங்கள் குறிப்பேட்டில் இருந்தது. அன்று வெளி வெப்பம் 38. தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்து, விசிறியும் முழு வேகத்தில் சுழலத் தொடங்கிய பிறகு ரேடியேட்டருக்கு வேறு கைக்காவல் கிடையாது. அந்த நிலையில் வெளிக்காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறத்தாழ அத்தனை டிகிரிதான் கூலண்டும் கூட வேண்டும். அந்தக் கணக்கின்படி அன்று 100 அல்லது 101 இருந்திருக்கலாம். ஆனால் மலையில் பாதி தூரம்கூட ஏறுவதற்கு முன்பே 106 காட்டியது. டாஷ்போர்டு முள் நடுவிலிருந்து அசையவில்லை. எந்த விளக்கும் எரியவில்லை. வெயிலால் விளங்கும் 2 டிகிரி போக மீதியுள்ள 6 டிகிரிக்கு வண்டிக்குள் ஏதோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பது அந்த ஒப்பீட்டால் மட்டுமே தெரிந்தது.

ஏ.சி.யை உடனே நிறுத்தினோம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஹீட்டரை முழு அளவில் வைத்து, அதன் புளோயரையும் முழு வேகத்தில் ஓடவிட்டோம். சித்திரை வெயிலில் ஹீட்டர் போடுவது கொடுமைதான். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டரே என்பதால், இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கு அதன் வழியே வெளியேறுகிறது. எண் 104-க்கு இறங்கி அங்கேயே நின்றது. நிறுத்துவதற்கு ஏற்ற இடம் வரும்வரை ஓட்டிச் செல்ல அந்த 2 டிகிரி உதவியது.

மலைச்சாலையில் எங்கே நிறுத்துகிறோம் என்பது எதற்காக நிறுத்துகிறோம் என்பதைப் போலவே முக்கியமானது. வளைவிலும் வளைவை ஒட்டியும் நிறுத்தவே கூடாது. பேருந்தும் லாரியும் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் அங்கே திரும்ப முடியும். மேலிருந்து வருபவருக்கும் கீழிருந்து வருபவருக்கும் தூரத்திலேயே தெரியும்படி சாலை அகன்ற இடமாகப் பார்க்க வேண்டும். கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரத்துக்குக் கீழே கட்டை வைக்க வேண்டும்; இன்ஜினை அணைத்தபின் முதல் கியரில் விட வேண்டும். இதற்கென்றே இரண்டு மரக்கட்டைகளை வண்டியில் வைத்திருக்கிறோம். சாலையோரக் கல்லை எடுத்து வைத்துவிட்டு, கிளம்பும்போது அதைச் சாலையிலேயே விட்டுப் போவது, இருட்டில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்குச் செய்யும் பெருந்தீங்கு. இன்னொன்றும் உண்டு. மாசி முதல் சித்திரை வரை சேர்வராயன் மலையில் சருகு நன்றாகக் காய்ந்து கிடக்கும். பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளின் புகைவடிப்பான் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் சைலன்சர் பகுதி கடுமையாகக் கொதித்திருக்கும். சருகின் மேல் அப்படி ஒரு வண்டியை நிறுத்தினால் காடே பற்றிக்கொள்ளக் கூடும். வெறும் தார் அல்லது மண் தரையில் மட்டுமே நிறுத்துங்கள்.

நாங்கள் நிறுத்திய இடத்தில், மேலிருந்து இறங்கி வந்த எஸ்டேட் லாரியின் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். "ஆவி எதுவும் வருதுங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப உடனே ஆஃப் பண்ணிடாதீங்க. கொஞ்ச நேரம் ஓட விட்டு, இறங்குதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்வியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கூலண்ட் தன் இடத்தில் இருந்து, பெல்ட்டும் அறுபடாமல் இருந்தால், இன்ஜினை நியூட்ரலில் சற்றே கூடுதல் வேகத்தில், சுமார் 1,200 சுழற்சியில் ஓடவிடுவது நல்லது. பம்பும் விசிறியும் இயங்கி வெப்பத்தை வெளியேற்றும், டர்போவும் ஆறும். உடனே அணைத்தால் கூலண்ட் ஓட்டம் நின்றுபோய், சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய வெப்பம் அங்கேயே சூட்டைக் கூட்டும். சில நிமிடங்களில் எண் இறங்கவில்லை என்றால் அணைத்துவிட வேண்டும். ஆவி கிளம்பினாலோ, வண்டிக்கு அடியில் கூலண்ட் ஒழுகினாலோ, பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்து பெல்ட் அறுந்ததைக் காட்டினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, அந்தச் சில நிமிடங்களுக்கும் இடமில்லை. அக்கணமே அணைக்க வேண்டும். அந்த நிலையில் இன்னொரு வளைவு ஏறிப் பார்ப்போம் என்று முயல்வது ஹெட்டையே வளைத்துவிடும்.

வெப்பநிலை எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 106, 108 என்று ஏறிக்கொண்டிருந்த எண் திடீரென 70-க்கோ 60-க்கோ விழுந்தால் இன்ஜின் ஆறிவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான எண்ணைக் காட்டும். கூலண்ட் முழுவதும் வெளியேறி, சென்சாரைச் சுற்றி வெறும் காற்று மட்டும் இருக்கும்போது எண் தாழ்ந்து போகும். இன்ஜினோ அந்நேரம் காய்ந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். வெப்பம் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். தடாலென்று இறங்குவது எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் பொறுமை போய்விடுகிறது. மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. ஹோஸ் தளர்ந்து கைக்கு இணங்கிய பிறகே, தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை முதல் படி வரை மட்டும் திருப்ப வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும். கொதித்த இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட்டில் கீறல் விழலாம் என்பதால், ஆறிய பிறகு சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும். கேரவன்காரர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே ஒரு தொல்லை. சட்டென்று அதையே ஊற்றிவிடத் தோன்றும். சேலம் பகுதி போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்துவிடும். வேறு வழியே இல்லாத அவசரத்தில் தவிர, கலந்து விற்கும் கூலண்டை அல்லது பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாங்கள் எப்போதும் 5 லிட்டர் கூலண்ட் வைத்திருக்கிறோம்.

அன்று நாங்கள் ஆறவிட்டு, மேலே போகாமல் மெதுவாகச் சேலத்துக்கே திரும்பினோம். மறுநாள் எங்கள் மெக்கானிக் பார்த்தபோது பெல்ட், மூடி, விசிறி எல்லாம் சரியாக இருந்தன. முன்பக்க கிரில் வழியாகப் பார்த்தால் ஏ.சி. கண்டென்சரும் சுத்தமாகத்தான் தெரிந்தது. அவர் மேலிருந்து டார்ச் அடித்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள விரலளவு இடைவெளியைக் காட்டினார். ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுவதும் பழைய கம்பளியைப் போர்த்தியது போலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருந்தது. வாழப்பாடிப் பக்கம் உறவினர் வீட்டில், மக்காச்சோளம் அடிக்கும் களத்தை ஒட்டி வண்டியை நிறுத்தியிருந்தோம். அந்தத் தூசும் உமியும் பூச்சி இறகும் ரேடியேட்டரில் அப்பியிருந்தன. கண்டென்சரின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்னால் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய தாரையில் தண்ணீர் பாய்ச்சியதும் அது பொத்துப் பொத்தாக விழுந்தது. வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் உயர் அழுத்தத் துப்பாக்கியை நேராகப் பிடித்து அடித்தால் ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகள் மடிந்து காற்றுப் போகும் வழியே அடைபட்டுவிடும் என்பதால், அவர் வெறும் தோட்டத்துக் குழாயைத்தான் பயன்படுத்தினார். அடுத்த பயணத்தில், அதே வெயிலில், அதே இடத்தில் 99.

டயர் விஷயத்தில் முதல் வேலை எடை மேடையில் தொடங்குகிறது. டயருக்கு எவ்வளவு காற்று என்பது அது தாங்கும் எடையைப் பொறுத்தது. கேரவன் கட்டியவர்கள் உள்ளே மரவேலையும் தொட்டியும் பேட்டரியும் வைத்த பிறகு, வேன் காலியாக இருந்தபோது சொன்ன அளவு பொருந்தாமல் போகலாம். சங்ககிரிப் பக்கமும் சேலத்தின் புறவழிச் சாலைகளிலும் லாரிகளுக்கான எடை மேடைகளுக்குக் குறைவில்லை. டீசல், தண்ணீர், சிலிண்டர், ஆட்கள் எல்லாவற்றோடும் போய், முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும் முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறையும் எடை எடுங்கள். கழித்தால் பின்பக்க எடை கிடைத்துவிடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி முழுவதும் நிரம்பினால் இரண்டு பெரிய ஆட்களைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் மலையேறுவது இன்ஜினுக்கும் டயருக்கும் சேர்த்தே நல்லது. இந்த எடையையும் வண்டித் தயாரிப்பாளரின் அட்டவணையையும் வைத்துப் பின்சக்கரங்களுக்கு 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) என்று எங்கள் வண்டிக்கு முடிவு செய்தோம். உங்கள் வண்டிக்கு அது வேறாக இருக்கும்.

அந்த 65 என்பது குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் படுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடத் தொடங்கினால் டயர் சூடாகி, 65 என்பது 72, 75 என்று உயர்வது இயல்பு. அதையும் கணக்கில் வைத்துத்தான் அளவைக் குறித்திருக்கிறார்கள். அழுத்தம் கூடிவிட்டது என்று வழியில் காற்றை இறக்கினால், டயர் ஆறும்போது தேவையைவிடக் குறைந்துவிடும். குறைந்த காற்றோடு ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிந்து, மேலும் சூடாகும். கோடையில் நெடுஞ்சாலைகளில் டயர் வெடிப்பதற்குக் காற்று கூடியதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காற்று குறைந்ததே காரணமாக இருக்கிறது. சூட்டோடு காற்றை இறக்கும் பழக்கத்தை எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

ஏற்காட்டில் இரவு தங்குபவர்களை விடியலில் திடுக்கிட வைப்பது காற்றழுத்தக் குறைவு எச்சரிக்கைதான். சேலத்தில் 38 டிகிரி பிற்பகலில் நின்ற வண்டியின் பின்சக்கரங்களுக்கு 65 பிடித்திருப்போம். மறுநாள் காலை ஏரிக்கரைப் பக்கம் 18 டிகிரிக் குளிரில் சாவியைத் திருப்பினால், டயர்களில் பொருத்திய சென்சார்களின் திரையில் பின்சக்கரங்கள் நான்கும் 60-ஐ ஒட்டிக் காட்டும். பஞ்சர் எதுவும் இல்லை. 65 அளவில் உள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 2.5 குறையும்; 20 டிகிரிக்கு 5. மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. குறைவு என்பதால், கையில் பிடித்துப் பார்க்கும் காற்றுமானி அந்த 2-ஐக் கூட்டிக் காட்டும். சென்சார்களில் சிலவோ உள்ளழுத்தத்தை மட்டும் அளப்பதால் அந்த வேறுபாட்டைக் காட்டாது. சென்சாரும் காற்றுமானியும் மலையில் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று பழுது என்று முடிவு செய்துவிட வேண்டியதில்லை. இங்கே பார்க்க வேண்டியது சக்கரங்களுக்கு இடையிலான ஒற்றுமையை. எல்லாச் சக்கரங்களும் ஒன்றாகக் குறைந்திருந்தால் அது குளிர். பின்சக்கரங்களில் மூன்று 60-இலும் ஒன்று மட்டும் 55-இலும் இருந்தால் அது ஓட்டை. அல்லது வால்வு கசிவு.

அந்த ஒன்று பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் உள்சக்கரமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. காற்று இறங்கினாலும் பக்கத்துச் சக்கரம் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வண்டி சாய்வதும் இல்லை. ஆனால் வெளிச்சக்கரம் இரண்டு மடங்கு பாரத்தைச் சுமந்து சூடாகிக்கொண்டே போகும். எங்கள் வண்டியில் ஒரு முறை உள்சக்கரம் மட்டும் நாளுக்கு 2 பி.எஸ்.ஐ. குறைந்துகொண்டிருந்தது. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றித் தொட்டியில் அமிழ்த்தியபோது டயரில் குமிழியே வரவில்லை. உள்சக்கரத்து வால்வை வெளியே எட்டும்படி நீட்டிக்கும் ரப்பர்க் குழாயின் கழுத்தில், எச்சில் தொட்டு வைத்ததும், கடுகளவு குமிழிகள் மெதுவாக வரிசை கட்டின. அந்தக் கடைக்காரர், "டயர் மேல குத்தமே இல்லைங்க, இந்த ரப்பரைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்டீல் போட்டுக்குங்க" என்றார். உலோகத்தால் ஆன நீட்டிப்பையும் உலோக வால்வையும் போட்ட பிறகு அந்தக் கசிவு நின்றது. மூடி போல் வால்வின் மேல் திருகும் சென்சார்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். சென்சாரின் எடையால் ரப்பர் வால்வு நாளடைவில் அசைந்து அசைந்து வெடிக்கும்.

இறக்கத்தில் டயர் எச்சரிக்கை வேறொரு செய்தியைச் சொல்கிறது. 4 டன் வண்டியை 1,200 மீட்டர் கீழே இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல், 18 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமானது. அதை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிரேக்குகள்தான் வாங்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் டிரம்மின் வெப்பம் ரிம்முக்கும், ரிம்மிலிருந்து டயருக்கும் போகும். திரையில் சக்கரங்களின் வெப்பநிலை 50, 60 என்று ஏறும். அழுத்தமும் கூடும். இரண்டாவது கியரில் விட்டு, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை உறுதியாக அழுத்தி விட்டுவிட்டால் இந்த ஏற்றம் பெரிதும் குறைகிறது. கீழிருந்து ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது மலைச்சாலை மரபு. அந்த நிறுத்தங்கள் பிரேக்குக்கும் ஓய்வாக அமையும்.

இங்கேயும் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு முறை இறக்கத்தில் மற்றச் சக்கரங்கள் எல்லாம் 45-ஐச் சுற்றி இருக்க, இடது பின்சக்கரங்கள் மட்டும் 58-ஐத் தொட்டன. எச்சரிக்கை ஒலி எழுவதற்கு 70 என்று வைத்திருந்ததால் கருவி எதுவும் சொல்லவில்லை. எண்களை வாசித்துக்கொண்டிருந்த என் மனைவிதான், "இடது பக்கம் மட்டும் தனியாப் போகுதுங்க" என்றாள். அடுத்த அகன்ற இடத்தில் நிறுத்தி, ரிம்மைத் தொடாமல் புறங்கையைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தபோது, இடப்பக்கத்தின் அனல் வலப்பக்கத்தில் இல்லை. காய்ந்த பிரேக் வாடையும் அடித்தது. கை பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து முழுவதும் திரும்பாமல் நின்றதால் பிரேக் ஷூ லேசாக உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பேரிங் பழுதானாலும் இதே அறிகுறிதான். அப்படிச் சூடான சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிரம்மில் வெடிப்பு விழும். காற்றாடவிட்டு ஆறிய பிறகு, கியரின் பிடியிலேயே மெதுவாக அடிவாரம் வந்து சேர வேண்டும்.

எச்சரிக்கை அளவுகளை வைப்பதில் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். குறைந்த அழுத்தத்துக்குக் குளிர்ந்த அளவிலிருந்து 12 சதவீதம் கீழே. உயர்ந்த அழுத்தத்துக்கு 25 சதவீதம் மேலே. வெப்பத்துக்கு 70 டிகிரி. இன்னும் நெருக்கமாக வைத்தால் ஏற்காட்டுக் குளிரும் சேலத்து வெயிலும் சேர்ந்து நாள் முழுவதும் கத்தவைக்கும். கத்திக்கொண்டே இருக்கும் கருவியை மனிதர் சில நாட்களில் கேட்காமல் விட்டுவிடுவார்கள். டயர் காற்றழுத்தத்துக்கென்று குதிரை லாடம் போன்ற மஞ்சள் விளக்கு உள்ள வண்டிகளில், சாவி போட்டதும் அது ஒரு நிமிடம் போல மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பொதுவாகக் காற்றுக் குறைவைவிடச் சென்சார் அல்லது அதன் இணைப்புப் பழுதையே குறிக்கும். ரிம்முக்குள் பொருத்திய சென்சார்களின் பேட்டரி 5 முதல் 7 ஆண்டுகள் வரை உழைத்தபின் ஓய்ந்துவிடும். டயர் மாற்றும்போதே அதையும் மாற்றினால் இரட்டை வேலை இல்லை.

கேரவன் டயர்கள் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதுதான் அதிகம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையைப் பிடிக்கும் பட்டன் ஆழமாக இருந்தாலும், பல மாதங்கள் ஒரே இடத்தில் வெயிலில் நின்ற டயரின் சுவரில் முடி போன்ற வெடிப்புகள் தெரிந்தால் மலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

காற்றுப் பிடிக்கச் சில பெட்ரோல் பங்க்குகளின் கருவிகள் 50-க்கு மேல் ஏற்றத் தடுமாறும். லாரிகளுக்குப் பார்க்கும் பஞ்சர் கடையில் 65 ஒரு பொருட்டே அல்ல. கூடவே எடுத்துச் செல்லும் 12 வோல்ட் கம்ப்ரஸரையும் காருக்கானதாக வாங்காமல், 65-க்கு மேல் தொடர்ந்து ஏற்றக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். சிறியவை ஒரு டயரை நிரப்புவதற்குள் தாங்களே சூடாகி நின்றுவிடுகின்றன. ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் மாட்டி, திரையில் ஏழாவது சக்கரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் எப்போதும் பின்சக்கரத்துக்குரிய கூடுதல் அளவையே வைத்திருப்பது நல்லது. முன்சக்கரத்தில் மாட்ட நேர்ந்தால் குளிர்ந்த அந்த டயரிலிருந்து வேண்டிய அளவு இறக்கிக்கொள்ளலாம். வளைவுகளுக்கு நடுவே, மழையில், இருட்டில், குறைவாக இருக்கும் ஸ்டெப்னிக்குக் காற்றை ஏற்றுவது எளிதல்ல.